எட்டாவது கோடு

மஞ்சள் பெயின்ட் சின்ன டப்பா ஒன்று வாங்கினால் எனக்கு ஒன்றரை வருடம் வரும். ஒரு நட்டுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான் செலவு. நீங்கள் பையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கும் அந்த டப்பா போன தீபாவளிக்கு வாங்கியது, மேடம். இன்னும் பாதி இருக்கும். மூடியை அழுத்தி மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காய்ந்துவிடும்.

முதலில் அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது புரியாது. ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் இடத்தில் பதினோரு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். அங்கே ஒருவன் நட்டை இறுக்குவான். இன்னொருவன் வந்து சரிபார்த்து, நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்ந்தாற்போல ஒரு மஞ்சள் கோடு இழுப்பான். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். ஒப்பந்தம் முடிந்து பருத்திப்பட்டில் ஏரிப் பக்கமாக ஷெட் போட்டபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தேன். என் ஷெட்டில் இறுக்குகிறவனும் நான்தான், கோடு போடுகிறவனும் நான்தான். பதினாறு வருடமாக அப்படித்தான். இந்த இருதயராஜ் கோடு போட்ட நட்டை அண்ணனூரிலிருந்து பூந்தமல்லி வரை எந்த மெக்கானிக்கும் மறுபடி இறுக்கிப் பார்க்க மாட்டான். பெருமைக்குச் சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள்.

ஜீவாவை உங்களுக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். அம்பத்தூரில் ஒரு செல்போன் கடையில் வேலை. தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவன் கையில் போன் இருக்கும். அந்த வெள்ளைக் கார் அவனுடையது இல்லை. அவன் மனைவி நிஷா வானகரத்தில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். அவள் சம்பாதித்து வாங்கியது. வாரம் முழுக்க அவள்தான் ஓட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இவன் எடுத்துக்கொண்டு பைபாஸ் பக்கம் போய், இவனைப் போல நாலு பேரோடு வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் போடுவான். உழைக்கிறவள் ஒருத்தி, ஊர்கோலம் போகிறவன் ஒருத்தன்.

ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் சக்கர பேரிங் மாற்ற அந்தக் காரைக் கொண்டுவந்தான். நான் குனிந்து கோடு போடுவதைப் பின்னால் நின்று எனக்குத் தெரியாமல் படம் எடுத்தான். அதற்கு நாதஸ்வரமும் மேளமும் சேர்த்து, ‘போல்ட்டுக்கு மஞ்சள் நீராட்டு விழா’ என்று மேலே எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினான். பெண் வயதுக்கு வந்தால் செய்கிற சடங்கை நான் போல்ட்டுக்குச் செய்கிறேனாம். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள் என்று அவனே வந்து சந்தோஷமாகச் சொன்னான். ஏதோ எனக்கு விருது வாங்கித் தந்தவன் மாதிரி.

ஆட்டோ ஸ்டாண்டில் என்னைக் கண்டால் வாயாலேயே மேளம் வாசித்தார்கள். டீக்கடையில் ‘மஞ்ச அண்ணாத்தே’ என்று பெயர் வைத்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று இருந்துவிட்டேன். ஒருநாள் என் மகள் தீபிகா கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். “அப்பா, அந்தக் கோடு வேணாம்ப்பா. என் கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க” என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

கோபம் வந்தால் நான் கத்துவதில்லை, மேடம். கத்துகிறவனுக்குக் கோபம் அன்றைக்கே தீர்ந்துவிடும். எனக்கு அது தீராது, அடியில் போய்த் தங்கும்.

அப்படியெல்லாம் செய்த ஜீவா போன வியாழக்கிழமை ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே சிவப்பு நிறத்தில் நாலு குட்டை ஸ்பிரிங். காரில் கம்பெனியே போட்டுக் கொடுத்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இதை மாட்டினால் வண்டி தாழ்ந்து, தரையை உரசுகிற மாதிரி நிற்கும். ரேஸ் வண்டி போல இருக்குமாம்.

“டயருக்கும் பாடிக்கும் நடுல விரல் பூரக்கூடாது அண்ணாத்தே. அப்டி எறக்கிக் குடு” என்றான்.

எனக்கு இந்த வேலையே பிடிக்காது. வண்டிக்கு உயரம் வைத்தவன் முட்டாள் இல்லை. ஆவடியிலிருந்து அம்பத்தூர் போவதற்குள் எத்தனை வேகத்தடை என்று அவனைக் கேட்டேன். ஒரு மழை பெய்தால் ஏரி ரோட்டில் நிற்கும் தண்ணீர் நேராக எஞ்சினுக்குப் போகுமே என்று கேட்டேன். வாரம் முழுக்க ஓட்டுகிறவள் இடுப்பு என்ன ஆகும், அவளிடம் கேட்டாயா என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்றான். அப்படியானால் வேறு ஷெட்டுக்குப் போ என்றேன்.

அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். “வேற எவன் கைலயும் குட்க்க மாட்டேன். நீ இறுக்குனா இறுக்குனதுதான் அண்ணாத்தே.”

ஊரைக் கூட்டி என்னைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவனுக்கு என் வேலைமேல் அத்தனை நம்பிக்கை. அவன் என்னைக் கேவலமாகத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. தெரிந்தே சிரித்திருக்கிறான். அந்தக் கோட்டின் அருமை தெரிந்தே சிரித்திருக்கிறான். வண்டியை விட்டுவிட்டுப் போ என்றேன்.

சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். ஒரு குறை வைக்கவில்லை. பழைய ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு அமுக்கி எடுத்தேன். புது ஸ்பிரிங் குட்டை என்பதால் உள்ளே இருக்கும் ரப்பரையும் அளந்து வெட்டினேன். பல பேர் அதைச் செய்வதில்லை. மொத்தம் எட்டு நட்டு. முன்பக்கம் மேலே இரண்டு, பின்பக்கம் இரண்டு, முன்சக்கரங்களை ஷாக் அப்சார்பரோடு பிடித்திருக்கும் நட்டு பக்கத்துக்கு இரண்டாக நாலு. ஒவ்வொன்றாக இறுக்கி, துடைத்து, கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

ஏழு முடிந்திருந்தது. ஜீவா பைக்கில் வந்து இறங்கினான். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

“மஞ்ச அண்ணாத்தே, இன்னிக்கு எந்தப் பொண்ணுக்கு சடங்கு?”

மிச்சமிருந்தது இடது முன்சக்கரத்தின் கீழ் நட்டு. கையால் திருகி நிறுத்தியிருந்தேன். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். பிரஷை எடுத்தேன். ஆனால் கோடு போடக் கை போகவில்லை. இறுக்காத நட்டில் எப்படிக் கோடு போடுவது? பிரஷைத் துடைத்து வைத்துவிட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லும்படி வக்கீல் சொல்கிறார். நான் மறக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, அவன் எடுத்துக்கொண்டு போவான், பைபாஸில் சக்கரம் சாய்ந்து வண்டி எங்காவது மோதி நிற்கும், அதையும் படம் எடுத்துப் போடட்டும் என்று நினைத்தேன். அவன் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று காலையில் கேட்டீர்கள். அவ்வளவு தூரம் நினைக்கவில்லை. நினைக்காமலும் இல்லை.

காரை எடுத்துப் போக நிஷா வந்தாள். அவர்கள் வீடு அண்ணனூர் ரயில் ஸ்டேஷன் அருகே, என் ஷெட்டிலிருந்து பக்கம்தான். நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு டயருக்கும் அடியில் அவளே குனிந்து வைத்தாள். இடது முன்சக்கரத்துக்கு வைக்கும்போது அவள் முகத்துக்கும் அந்த நட்டுக்கும் ஒரு முழம்தான் இருந்திருக்கும். நிமிர்ந்து என்னிடம் வந்து, ஜீவா காதில் விழாதபடி, “அவரு வெளையாட்டுக்குப் பண்ட்டாருண்ணா. மனசுல வச்சிக்காதீங்க” என்றாள்.

வெல்லம் தின்கிறவன் ஒருத்தன், விரல் சூப்புகிறவன் ஒருத்தன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் வெளியே காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் எரிந்தது.

பிறகு அவள், “கோடு போட்டாச்சாண்ணா?” என்று கேட்டாள். அந்த வீட்டில் கோட்டைப் பற்றி மரியாதையாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். போன முறை என்ன ஏது என்று நின்று விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனவள்.

“போட்டிருக்கேம்மா” என்றேன்.

ஏழில் போட்டிருந்தேன். அது பொய் இல்லை.

நான் நினைத்தபடி ஞாயிறு வரவில்லை. விடியற்காலையிலிருந்து மழை. ஏரி ரோட்டில் முழங்கால் தண்ணீர். தாழ்ந்த வண்டியை அந்தத் தண்ணீரில் இறக்க முடியாது என்று ஜீவா எடுக்கவே இல்லை. நான் சொன்னது நடந்தது பாருங்கள். பூசை முடிந்து மாதாகோயிலிலிருந்து திரும்பும்போது அண்ணனூர் வழியாக வந்தேன். வழி அது இல்லைதான். வண்டி அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. பைக்கை நிறுத்திவிட்டுக் குனிந்து, போன் வெளிச்சத்தில் சக்கரத்துக்கு உள்ளே பார்த்தேன். நட்டு அதன் இடத்தில் இருந்தது. கோடு இல்லை. என் பைக் பெட்டியில் எப்போதும் ஸ்பேனர் இருக்கும். அன்றும் இருந்தது.

கதவு திறந்து நிஷா குடையோடு வந்தாள். “இன்னாண்ணா மழைல? உள்ள வாங்க” என்றாள்.

புது ஸ்பிரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகூட வேலையை நினைத்து வருகிறீர்களே என்று சொல்லி, டீ போட்டுக் கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். ஜீவா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். குடோனில் திங்கட்கிழமை சரக்கு இறங்குகிறது, விடுப்பு எடுக்க முடியாது, தண்ணீர் வடிந்ததும் காலையில் தானே காரை எடுத்துப் போகப் போவதாகச் சொன்னாள். புது ஸ்பிரிங்கில் முதுகு குலுங்குகிறது என்று சிரித்தாள்.

அந்த நட்டை இறுக்க இரண்டு நிமிஷம் போதும். சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டியதில்லை, ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்பேனர் எட்டும். ஆனால் என்ன சொல்லி இறுக்குவது? அம்மா, ஒன்றை விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்று அவளும் சிரித்துக்கொண்டே விட்டிருப்பாள். ஆனால் ராத்திரி அவனிடம் சொல்வாள். மறுநாள் அவன் ஊருக்குச் சொல்வான். இருதயராஜ் இறுக்காமல் அனுப்பினான் என்ற ஒரு வார்த்தை, மேடம். பதினாறு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. தம்ளரை நானே கழுவி வைத்துவிட்டு எழுந்தேன்.

“மெதுவா போம்மா” என்றேன். அதைச் சொன்னேன். அதையும் எழுதுங்கள்.

மற்றது உங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை காலை எட்டே முக்கால், வானகரத்துக்குச் சற்று முன்னால், சக்கரம் சாய்ந்து வண்டி பக்கத்தில் வந்த கன்டெய்னர் லாரிக்கு அடியில் போயிருக்கிறது. அவள் மெதுவாகத்தான் போயிருக்கிறாள் என்று லாரி டிரைவர் சொல்லியிருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். அவள் போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் வேறொரு வண்டிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே விட்டேன், சனிக்கிழமை அவனுக்காக விட்டேன், ஞாயிற்றுக்கிழமை அவள்தான் போகிறாள் என்று தெரிந்தும் விட்டேன். இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். நேற்று ஒரு போட்டோ காட்டினீர்களே, சாய்ந்த சக்கரத்தின் பக்கம் எடுத்தது. அதை வெளியே இருக்கிறவனிடமும் காட்டச் சொல்லுங்கள். மேல் போல்ட்டில் என் கோடு அப்படியே இருக்கிறது, மயிரிழைகூட விலகவில்லை. கீழ் போல்ட்டில் கோடே இல்லை. பார்க்கத் தெரிந்தவன் சனிக்கிழமையே பார்த்திருப்பான். படம் எடுக்கிற நேரத்தில் ஒரு தரம் குனிந்து எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். நான் எதையும் மறைக்கவில்லை. என் பேரில் எந்தக் குற்றத்தை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஆனால் இறுக்காத நட்டில் இருதயராஜ் இன்றுவரை கோடு போட்டதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.