கம்பி போகிற வீடு

– தலைமுடி கொட்டுறதுக்குமா கரண்டுக் கம்பி காரணம்?

– நான் சொல்லல சார், என் தலை சொல்லுது. கம்பி போற பக்கத்துலதான் ஜாஸ்தியா கொட்டியிருக்கு, நல்லா பாருங்க.

– ஏங்க, தூங்கும்போது நீங்க புரண்டு படுக்கவே மாட்டீங்களா?

– படுப்பேன் சார். அதான் இந்தப் பக்கமும் லேசா ஆரம்பிச்சிருக்கு.

– சிஸ்டர், இவருக்கு பிரஷர் பாத்தீங்களா?

– பாத்தேன் டாக்டர், நார்மல்தான். பாவம், ஹை டென்ஷன் கம்பிக்குப் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு எப்படித்தான் நார்மலா வச்சிருக்காரோ!

– அந்த டென்ஷன் வேற, இந்த டென்ஷன் வேற சிஸ்டர். நீங்க போய் அந்த ஊசியெல்லாம் எடுத்து வைங்க. ம், நீங்க சொல்லுங்க. வேற என்ன பண்ணுது?

– ராத்திரி தூக்கம் வரல. பகல்ல தூக்கம் போகல. நாக்குல ருசியே இல்ல சார். பக்கத்து வீட்டுல ஏதாவது கொடுத்தா மட்டும் ருசி தெரியுது.

– அது கம்பியால வர்ற வியாதி இல்ல.

– மறதி வேற. கடைக்குப் போய் நின்னா எதுக்கு வந்தோம்னே தெரியல.

– போன் பாத்துட்டே நடந்து போனீங்களா?

– சும்மா சொல்லக்கூடாது சார், கைராசி டாக்டர்னு சொன்னாங்க, அப்படியே கண்டுபிடிச்சுட்டீங்களே!

– இதுல கைராசிக்கு என்ன இருக்கு? இப்பவும் அதைத்தானே கையில வச்சுட்டிருக்கீங்க. சரி, கம்பி எங்க போகுது? வீட்டுக்கு நேர் மேலயா?

– நேர் மேல இல்ல சார். பின்பக்கம் ஒரு காலி மனை, அதைத் தாண்டி உயரமா இரும்புக் கோபுரம். மொட்டை மாடியில நின்னா அதுல காக்கா உக்காந்திருக்கிறது தெரியும், ஆண் காக்காயா பெண் காக்காயான்னு தெரியாது. அவ்ளோ தூரம். ஆனா தூறல் போட்டா உஸ்ஸ்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, யாரோ கோபத்தை அடக்கிட்டு மூச்சு விடற மாதிரி. அந்த வீட்டை வச்சுக்கறதா, கைகழுவறதான்னு இன்னிக்கு உங்க வாயால தெரிஞ்சாகணும் சார். நீங்க வேணாம்னு சொல்லிட்டா வேணாம்.

– ஈரக்காத்துல கம்பியைச் சுத்திக் கொஞ்சம் கரண்டு கசியும், அந்தச் சத்தம்தான் அது. சத்தம் காதோட நின்னுடும். ரத்தத்துக்குள்ள போகாது.

– டாக்டர், குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. எங்க சித்தி வீட்டுப் பக்கம் ஒருத்தர் டியூப்லைட்டைக் கழட்டிக் கையில புடிச்சுட்டு அந்த மாதிரி கம்பிக்குக் கீழ நின்னாராம். ஐயோ சாமி, அதுவா எரிஞ்சுதாம்! டியூப்லைட்டே எரியுதுன்னா மனுஷன் என்ன ஆவான்?

– அந்த மனுஷன் என்ன ஆனார்?

– அவருக்கென்ன, நல்லாத்தான் நின்னாரு. வீட்டுக்குப் போனப்பறம்தான் சம்சாரம் கரண்டியால போட்டாங்களாம், ஹால்ல இருந்த ஒரே லைட்டையும் கழட்டிட்டுப் போயிட்டாருன்னு.

– பாத்தீங்களா சிஸ்டர், ஆபத்து எங்கேருந்து வந்துச்சுன்னு? லாஜிக்கா யோசிக்கணும். ஏங்க, அடுப்புக்குப் பக்கத்துல நின்னா சுடுது. நாலடி தள்ளி நின்னா? தெருமுனையில போய் நின்னா?

– தெருமுனையில நின்னா சோறு தீய்ஞ்சுடும் சார்.

– சுடுமா, சுடாதா?

– சுடாது.

– கம்பியும் அப்படித்தான். தள்ளிப் போகப் போக அதோட வேகம் சட்டுனு குறைஞ்சுடும். தலை காய வைக்கிற மெஷினைக் காதோரமா புடிக்கிறோமே, அந்த நேரத்துக்கு அது கொடுக்கிறது உங்க கம்பி கொடுக்கிறதைவிட ஜாஸ்தி.

– எனக்கு அந்த மெஷின் தேவைப்படல சார். காய வைக்க ஏதாவது இருக்கணுமில்ல?

– உங்கப்பா தலை எப்படி இருந்துச்சு?

– பளபளன்னு இருக்கும் சார். முகம் பாத்துக்கலாம்.

– அவர் வீட்டுக்குப் பக்கத்துல கம்பி போச்சா?

– அந்த வீட்டுக்கு அப்ப கரண்டே வரல சார்.

– அப்பறம்? இப்பவாவது புரியுதா?

– புரியுது சார். ஆனா குழந்தைங்களுக்கு ரத்தத்துல புத்துநோய் வரும்னு எங்கேயோ படிச்சேனே. அதுல விளையாட முடியாது பாருங்க.

– நியாயமான கேள்வி. நானும் அதுல விளையாட மாட்டேன். வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சில கணக்குல லேசா ஒரு சந்தேகம் தெரிஞ்சுது, இல்லன்னு சொல்லல. ஆனா கம்பிதான் காரணம்னு இதுவரைக்கும் ஒருத்தரும் நிரூபிக்கல. நிச்சயமான ஆபத்து வேற ஒண்ணு இருக்கு. மொட்டை மாடியில நீளமான இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தறது, கம்பிப் பக்கமா பட்டம் விடறது. அதுக்குப் பயப்படுங்க. அதுல ஆள் போயிடுவான். மத்தபடி அந்த வீட்டுல தாராளமா இருக்கலாம்.

– அடேங்கப்பா. நெஞ்சுல இருந்த பாறாங்கல்லை எறக்கிட்டீங்க சார். தலைவலி கூட கொறைஞ்ச மாதிரி இருக்கு.

– தலைவலின்னு நீங்க சொல்லவே இல்லையே?

– சொல்ல மறந்துட்டேன் சார். சொன்னேன்ல, மறதின்னு. ஆனா எனக்குப் புரிஞ்சு என்ன பிரயோஜனம்? வீட்டுல அந்தம்மாவுக்கில்ல புரியணும்?

– அதானே பாத்தேன். உங்களுக்கு ஒண்ணும் இல்ல, அவங்க பயந்து உங்களை அனுப்பியிருக்காங்க.

– சார், வீடு அவங்களுக்கு அவ்ளோ புடிச்சிருக்கு. சமையல்கட்டுல நல்ல வெளிச்சம், கிணத்துத் தண்ணி, வாசல்லயே ஒரு வேப்பமரம். குறைன்னு சொல்ல கம்பி ஒண்ணுதான். அதுவும் அவங்களா சொல்லல. யாரோ ஒரு டாக்டர் சொல்லிட்டாராம், கம்பிக்குப் பக்கத்துல குடியிருந்தா ரத்தம் சுண்டிடும்னு. அதைப் புடிச்சுக்கிட்டு கால் வைக்க மாட்டேங்கறாங்க. அவங்க ஒத்துக்கலன்னா அந்த வீடு அவ்ளோதான் சார்.

– ரத்தம் சுண்டிடுமா? ரத்தம் என்ன குழம்பா, சுண்டறதுக்கு? எந்த மடையன் சொன்னான்?

– பேர் சொல்ல மாட்டேங்கறாங்க. படிச்ச டாக்டராம்.

– படிச்சவன் இப்படிப் பேசுவானா? பரீட்சையில எட்டிப் பாத்து எழுதினவனா இருப்பான். இந்த மாதிரி ஆளுங்களாலதான் எங்க தொழிலுக்கே கெட்ட பேரு.

– ஐயோ சாமி, டாக்டருக்குக் காது சிவந்துடுச்சு. தண்ணி கொண்டு வரட்டுமா டாக்டர்?

– வேணாம் சிஸ்டர்.

– சார், கோவிச்சுக்காதீங்க. நான் போய்ச் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க. ஒரு டாக்டர் போட்ட முடிச்சை இன்னொரு டாக்டர்தான் அவுக்கணும். போன் போடறேன், ரெண்டு வார்த்தை சொல்லிடறீங்களா? அவங்க பதிலெல்லாம் பேச மாட்டாங்க. கேட்டுப்பாங்க, அவ்ளோதான்.

– போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

– டாக்டர், வெளிய இருக்கிற பேஷன்டெல்லாம் கதவு வழியா எட்டிப் பாக்கறாங்க.

– பாக்கட்டும் சிஸ்டர், கதவை நல்லாத் திறந்து விடுங்க. அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.

– ம், எடுத்துட்டாங்க சார். பேசுங்க.

– வணக்கம்மா. டாக்டர் பேசறேன். நீங்க பதில் சொல்ல வேணாம், கேட்டா போதும். கம்பியால ரத்தம் சுண்டாது, நரம்பு இளைக்காது, குடும்பத்துல சண்டை வராது. வந்தா அதுக்கு வேற காரணம் இருக்கும். உங்ககிட்ட ஒரு டாக்டர் ஏதோ உளறியிருக்கார். கேளுங்கம்மா, அந்த ஆளுக்கு அந்த வீடு வேணாம்னு மனசுல வேற ஏதோ இருந்திருக்கு. அதை வாய்விட்டுச் சொல்ல தைரியம் இல்லாம கம்பி மேல பழியைப் போட்டிருக்கான்.

– அப்படியும் இருக்குமா சார்?

– இருக்குமாவா? இப்படிப்பட்ட ஆளுங்களை எத்தனை பேரைப் பாத்திருக்கேன் தெரியுமா? படிப்பைக் கேடயமாப் புடிச்சுக்கிட்டு வீட்டுலயே பொய் சொல்றவனுங்க.

– சார், கடைசியா ஒண்ணு. நீங்களா இருந்தா அந்த வீட்டுல குடியிருப்பீங்களா? அவங்க கேக்கறாப்பல சொல்லிடுங்க.

– நானா? நாளைக்கே மூட்டையைக் கட்டிட்டு வந்துடுவேன்.

– சம்சாரம், புள்ளைங்களோடவா?

– சம்சாரம், புள்ளைங்க, நாய்க்குட்டி, எல்லாத்தோடயும். கம்பி தெரியற ஜன்னலோரமா என் கட்டிலைப் போட்டுக்குவேன். இந்த ஸ்டெதஸ்கோப் மேல சத்தியம். போதுமாம்மா? இப்ப தைரியம் வந்துச்சா? வெக்கப்படாம சொல்லுங்க.

– வந்துடுச்சுங்க, நான்தான் உங்க பொண்டாட்டி பேசறேன். ரத்தம் சுண்டிடும்னு போன வாரம் நீங்க வேணாம்னு சொன்னீங்களே, அந்த வீட்டை விக்கறவர்தான் உங்க முன்னாடி உக்காந்திருக்கார். நீங்க நாளைக்கே வர்றதா சொன்னதை அந்த வீட்டுக்கு எதிர்வீட்டுல இருக்கிற எங்கண்ணனும் என் பக்கத்துலயே நின்னு கேட்டாரு, இனிமே தினம் சாயங்காலம் உங்களோட உக்காந்து பேசலாம்னு இப்பவே நாற்காலி வாங்கக் கிளம்பிட்டாரு.