ஹெட்ஃபோனில் வைத்த தாமதம்

உங்கள் பத்திரிகைக்கு நான் பதினோரு வருடச் சந்தாதாரர். இந்த மாத இதழில் எங்கள் குழுவின் முதல் ஸ்டூடியோ ஆல்பத்துக்கு நீங்கள் எழுதிய விமர்சனத்தை மூன்று முறை படித்தேன். ஆல்பத்தின் நீளம் நாற்பத்து மூன்று நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். நாற்பத்தொன்றரைதான். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ஒலிப்பதிவில் அப்பழுக்கில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நன்றி. பதிவு செய்தது நான். குழுவில் என்னைப் பட்டன் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது அத்தான், என் அக்காவின் கணவர். உங்கள் விமர்சனத்தில் நீங்கள் வறுத்தெடுத்திருக்கும் கிட்டார்காரர் அவர்தான். மேடையில் எல்லோரையும் அறிமுகம் செய்துவிட்டுக் கடைசியாக என் பக்கம் கையைக் காட்டி, "அது நம்ம பட்டன், அமுக்குறது மட்டும்தான் வேலை" என்பார். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். பதினாறு வருடம் சிரித்திருக்கிறேன்.

"மேடையில் ஒரே பாட்டை நாற்பது நிமிடம் வளர்த்துக்கொண்டே போய்க் கேட்பவரைத் தன்னோடு இழுத்துச் செல்கிற மனிதர், ஸ்டூடியோவில் தன் விரல்களையே நம்பாமல் வாசிக்கிறார். ஒரு பாட்டில் முந்துகிறார், அடுத்ததில் பிந்துகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல காது உங்களுக்கு. காரணத்தைத்தான் கோட்டை விட்டுவிட்டீர்கள். வயது, சோம்பல், ஒத்திகைக் குறைவு என்று மூன்றைச் சொல்கிறீர்கள். மூன்றும் இல்லை. காரணம் நான்.

கதையை முறையாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு விளங்கும். குழுவை ஆரம்பித்தது நாங்கள் மூன்று பேர். அக்கா பாடுவாள், அத்தான் வாசிப்பார், நான் ஒலி பார்ப்பேன். டிரம்ஸ்காரரும் பேஸ் வாசிப்பவரும் பிறகு வந்து சேர்ந்தவர்கள். மேடை எங்களுக்குக் கைகொடுத்தது. நான் எடுத்த மேடைப் பதிவுகளை ஆட்கள் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துப் பரப்பினார்கள். உங்கள் அலமாரியிலும் இரண்டு மூன்று இருக்கும்.

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு திறந்தவெளி நிகழ்ச்சி. மூவாயிரம் பேர். அத்தான் நல்ல வேகத்தில் இருந்தார். நடுவில் அக்கா அடுத்த சரணத்தைப் பிடித்தாள். அத்தானுக்கு அங்கே பாட்டு வேண்டாம், வாசிப்பு தொடர வேண்டும். என் பக்கம் திரும்பி அவள் மைக்கைக் காட்டி, விரலால் வெட்டுகிற மாதிரி சைகை செய்தார். நான் இறக்கினேன். வேறு என்ன செய்ய முடியும், நான் பட்டன்தானே.

சத்தம் போன பிறகும் அவள் இரண்டு வரி பாடினாள். பிறகு அவளுக்குத் தெரிந்துவிட்டது. அத்தானைப் பார்க்கவில்லை, தூரத்தில் ஒலி மேஜைக்குப் பின்னால் நின்ற என்னைத்தான் பார்த்தாள். உதவி கேட்டுப் பார்த்தாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மைக்கை ஸ்டாண்டில் மாட்டினாள், புன்னகை மாதிரி ஒன்றைச் செய்தாள், இறங்கிப் போனாள். அதன் பிறகு மேடை ஏறவில்லை. வீட்டில்கூட முணுமுணுக்கவில்லை. அந்த நிகழ்ச்சியின் பதிவைத்தான் நீங்கள் "குழுவின் உச்சம்" என்கிறீர்கள்.

அத்தான் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டார், காலில் விழாத குறை. வாரக்கணக்கில் கேட்டார். அக்கா மன்னித்துவிட்டாள். மன்னிப்பது அவள் சுபாவம். எனக்கு அந்தச் சுபாவம் கிடையாது. அவருடைய சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எங்கே அடித்தால் இவருக்கு வலிக்கும் என்று யோசித்துக்கொண்டே நான்கு வருடம் அவருக்கு ஒயர் சுருட்டினேன்.

ஸ்டூடியோ அந்த வாய்ப்பைக் கொடுத்தது. டயர் கடைக்கு மேலே, சுவரெல்லாம் பழைய கம்பளம் அடித்த மூன்று அறைகள். ஒவ்வொருவரும் தனி அறையில், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனோடு வாசிப்பார்கள். யாருடைய காதில் எது விழ வேண்டும் என்பதை என் மேஜைதான் முடிவு செய்யும். ஆல்பம் முடியும்வரை மேடை ஏறக் கூடாது என்பது ஆல்பத்தை வெளியிடும் கம்பெனி போட்ட நிபந்தனை. மூன்று மாதம். நானே கேட்டு வாங்கியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

அத்தானின் காதுக்குப் போகும் அவருடைய சொந்தக் கிட்டார் ஒலியில் மட்டும் ஒரு தாமதம் வைத்தேன். மிகச் சிறியது. முதல் வாரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. யாருக்கும் அது எதிரொலியாகக் கேட்காது, கை கனக்கிற மாதிரி மட்டும் இருக்கும். பிறகு நூறில் இரண்டு, மூன்று. தன் ஒலி தாமதமாக வருகிறதே என்று அவர் அவசரப்படுவார், பதிவில் முந்தியிருப்பார். போட்டுக் காட்டுவேன். முகம் சுருங்கும். அடுத்த முறை நிதானமாக வாசிக்க முயல்வார். அப்போது நான் தாமதத்தை எடுத்துவிடுவேன். பிந்திப் போவார்.

"பட்டன், அவரு ஏன்டா இப்படி ஓடுறாரு?" என்று டிரம்ஸ்காரர் கேட்டார்.

"தெரியலண்ணே. நீங்க எதுவும் சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவாரு" என்றேன்.

அத்தானின் அப்பா தையல்காரர். ஐம்பது வயதில் கை நடுக்கம் வந்து, ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கடையை மூடியவர். அத்தானுக்கு இப்போது நாற்பத்தாறு. இந்த விஷயத்தை நான் ஒரே ஒரு முறைதான் எடுத்தேன், அதுவும் ஆறுதலாக: "உங்க அப்பாவுக்கு வந்த மாதிரியெல்லாம் இருக்காது, நீங்க கவலைப்படாதீங்க." அதன் பிறகு அவர் கையை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது பார்ப்பார், கதவைத் திறக்கும்போது பார்ப்பார்.

வீட்டில் வாசித்தால் எல்லாம் சரியாகத்தான் வரும். அக்கா ஒரு நாள், "நல்லாத்தானே இருக்கு?" என்றாள். "தனியா வாசிச்சா நல்லாத்தான் இருக்கும், கூட ஆள் சேர்ந்தாத்தான் குட்டு வெளிப்படும்" என்றார் அத்தான். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை.

ஆல்பம் அப்படியே முடிந்தது. நீங்கள் கேட்டது அதைத்தான். அடுத்து ஊர் ஊராக மேடை என்று ஏற்பாடாகியிருந்தது. எனக்கு அதில் ஒரு சிக்கல். மேடையில் ஹெட்ஃபோன் கிடையாது. பத்து நிமிடம் வாசித்தாலே கை நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துபோகும். ஆகவே அவசரம் என்னுடையது.

இரண்டு மருத்துவர்கள் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவரிடம் நான் கூடப் போனேன். பதிவுகளைக் கையோடு கொண்டுபோய், பழைய மேடையை ஒரு நிமிடம், புதிய ஆல்பத்தை ஒரு நிமிடம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். உங்களைப் போலவே அவரும் வித்தியாசத்தை உடனே பிடித்துவிட்டார். இடது முழங்கையில் நரம்பு நெருக்கப்படலாம், திறந்து விடுவித்தால் குணமாகும், ஆனால் எந்த அறுவையிலும் ஒரு ஆபத்து உண்டு என்றார். நேர்மையான மனிதர். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை, தயவுசெய்து அவரைத் தேடிப் போகாதீர்கள்.

முதல் நிகழ்ச்சிக்குப் பதினோரு நாள் இருந்தது. அறுவை அன்று காலை ஏழரை மணிக்கு, அத்தான் மருத்துவமனையில் பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா பணம் கட்டும் வரிசையில் நின்றாள்.

"டேய், உன்கிட்டதான்டா கேக்க முடியும்" என்றார். பட்டன் என்று கூப்பிடவில்லை. "உன் காது பொய் சொல்லாது. நிஜமாவே என் கை போயிடுச்சா?"

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். கதவுக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"போயிட்டிருக்கு அத்தான். இப்பவே பண்ணிக்கிட்டா காப்பாத்திடலாம்" என்றேன்.

தலையை ஆட்டினார். என் கையை இடது கையால் பிடித்து அழுத்தினார். நல்ல பிடி, இரும்பு மாதிரி. ஒப்புதல் தாளில் உறவினர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

மருத்துவர் சொன்ன ஆபத்து வந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கம் மடங்கிவிட்டன, உணர்ச்சி இல்லை. இப்போது அக்காதான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள். கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பரண்மேல் ஏற்றியாகிவிட்டது, ஏற்றியதும் நான்தான். அக்காவிடம் பறித்ததை அவரிடம் பறித்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தூக்கம்கூட நன்றாக வருகிறது.

அப்படியானால் ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் கடைசிப் பத்திதான் காரணம். "ஆல்பத்தைக் கேட்ட பிறகு ஒரு சந்தேகம் வருகிறது. அந்த மேடைப் புகழே கூட்டத்தின் ஆரவாரத்தில் ஊதிப் பெருத்ததுதானோ?" என்று முடித்திருக்கிறீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் அக்கா விமர்சனத்தை உரக்க வாசித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வரிக்கு ஆள் உடைந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சிரித்தார்.

"அப்ப நான் ஒண்ணும் பெருசா இழந்துடலன்னு சொல்லு" என்றார்.

"நான் மட்டும் என்னத்தப் பாடிக் கிழிச்சேன்?" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பல மாதமாக அவர் முகத்தில் இருந்த சுருக்கம் போய்விட்டது. பிறகு அக்கா பாத்திரம் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, ஏதோ ஒரு பழைய பாட்டு, எங்கள் குழுவின் பாட்டுகூட இல்லை, பாடத் தொடங்கினாள். முணுமுணுப்பு இல்லை, வாயைத் திறந்து பாடினாள். அத்தான் இருந்த இடத்திலிருந்தே வலது கையால் மேஜையைத் தட்டித் தாளம் போட்டார். சரணம் முடியும்வரை யாரும் யாரையும் நிறுத்தவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் பாடுகிறாள். அந்த வீட்டில் இப்போது சந்தோஷமாக இருக்கிறார்கள்.

ஆகவே இந்தக் கடிதத்தை அடுத்த இதழிலேயே போட்டுவிடுங்கள். மூன்று மாதப் பதிவுகளையும், எந்த நாளில் எவ்வளவு தாமதம் வைத்தேன் என்ற குறிப்பையும் இணைத்திருக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளலாம். போலீஸுக்கு நீங்களே கொடுத்தாலும் சரி, நான் எங்கும் ஓடப் போவதில்லை. அந்த மேடைப் புகழ் பொய்யில்லை, அந்தக் கை அறுவை நடந்த நாள் காலை வரைக்கும் முழுதாக நன்றாக இருந்தது, இது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். எல்லாம் அக்காவுக்காகத்தான் செய்தேன் என்பதை மட்டும் முதல் வரியிலேயே போடுங்கள். அவருக்கு வாசித்துக் காட்டப்போவது அவள்தான்.