கரையில் கைதட்டுகிறார்கள்

வீர்லெ: நடுக்கடல்ல குதிரையை ஏண்ணா நிறுத்திட்ட? இறாலெல்லாம் அந்தப் பக்கம் போகுது. மார்த்தா இழுக்குற வலையில கல்லு மாட்டிக்கிச்சா?

யோரிஸ்: கத்தாத.

வீர்லெ: யாரு கத்தினா? இந்தக் காத்துல உனக்குக் கேக்கணுமேன்னு...

யோரிஸ்: மெதுவாப் பேசுன்னா பேசேன். மார்த்தா விறைச்சுக்கிட்டா.

வீர்லெ: குளிரா இருக்கும். குதிகாலால ஒரு தட்டு தட்டு.

யோரிஸ்: தட்டினா இன்னும் இறுகும். முதுகு பலகையாட்டம் ஆயிருச்சு. காலு நாலும் மண்ணுல நட்ட மாதிரி இருக்கு.

வீர்லெ: இது... இன்னிக்கு வந்ததில்ல, இல்லையா?

யோரிஸ்: ஈஸ்டர் சமயத்துல குதிரை டாக்டர் வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாரு. அவ உடம்பே அவ நரம்பைப் பகையாளின்னு நினைச்சுத் தாக்குதாம். திடீர்னு சத்தம் கேட்டாலோ, யாராவது தொட்டாலோ அப்படியே பூட்டிக்குமாம். அவரு பாத்ததுலயே இந்த வியாதி வந்த முதல் குதிரை இவதானாம்.

வீர்லெ: என்கிட்ட சுளுக்குன்னு புளுகின!

யோரிஸ்: மாத்திரை குடுத்தேன், நல்லாத்தான் இருந்தா. சொன்னா இறால் பிடிக்கிறவங்க சங்கத்துல அவளைக் கடலுக்கே விடமாட்டாங்க. நீயும்தான்.

வீர்லெ: விட்டிருக்கவே மாட்டேன். இறங்கு முதல்ல.

யோரிஸ்: எப்படி? நான் ஆடினா அவ அப்படியே சாய்வா. அடியில நான். பூட்ஸுக்குள்ள தண்ணி புகுந்தா எழுந்திரிக்கவும் முடியாது.

வீர்லெ: தண்ணி ஏறுது அண்ணா... குதிரை மேல தொங்குற கூடையைத் தொட்டுருச்சு.

யோரிஸ்: தெரியுது. வலைச் சங்கிலி வேற பின்னால இழுக்குது. ரெண்டு பக்கக் கயித்தையும் ஒரே நேரத்துல அறுக்கணும், இல்லேன்னா ஒரு பக்கமா இழுத்துத் தள்ளிரும். உன் குதிரையைத் திருப்பிக்கிட்டு கத்தியோட கிட்ட வா.

வீர்லெ: ... நீயே அறுத்துடேன்.

யோரிஸ்: எனக்கென்ன நாலு கையா?

வீர்லெ: நான் இங்கேயே இருக்கேன்...

யோரிஸ்: இருந்து? வேடிக்கை பாக்கவா? நண்டைக் கண்டு ஓடின அதே ஆளுதான் நீ.

வீர்லெ: ஆமா, பயந்தாங்கொள்ளிதான். விடு. ...அது என்ன சத்தம்?

யோரிஸ்: கரையில கைதட்டுறாங்க.

வீர்லெ: எதுக்கு?

யோரிஸ்: நாம ஃபோட்டோவுக்கு நிக்கிறோம்னு நினைச்சுட்டானுங்க, வேடிக்கை பாக்க வந்த பிரஸ்ஸல்ஸ்காரனுங்க. ஐயோ... நடுங்குறா. மார்த்தா, ஒண்ணுமில்லடி... ஒண்ணுமில்ல கண்ணு...

வீர்லெ: நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டேன்!

யோரிஸ்: காட்டினா பதிலுக்கு அவனுங்களும் ஆட்டுவானுங்க.

வீர்லெ: எனக்குப் பயமா இருக்குண்ணா.

யோரிஸ்: எனக்கு மட்டும் இல்லையா? தண்ணி என் முழங்கால் வரைக்கும் வந்தாச்சு. இங்க பாரு, நீ கரைக்குப் போ. அவங்க வாயை மூடச் சொல்லு. ரப்பர் படகோட ஆளைக் கூட்டிட்டு வா.

வீர்லெ: அந்த டாக்டர்... கூடப் பிறந்த குதிரைக்கும் இது வரும்னு ஏதாவது சொன்னாரா?

யோரிஸ்: உன் நோராவுக்கா? தெரியலைன்னாரு. இப்ப அதுவா முக்கியம்? கிளம்பு!

வீர்லெ: அண்ணா...

யோரிஸ்: உன் பிடிவாதத்துக்கு வேற நேரம் கிடைக்கலையா? நான் இங்க சாகக் கிடக்கேன், திருப்புடி அவளை!

வீர்லெ: கத்தாதண்ணா, கெஞ்சிக் கேக்குறேன்... கிட்ட வான்னு சொன்னியே, அப்பவே கடிவாளத்தை இழுத்துத் திருப்பிப் பாத்துட்டேன். நோராவும் அசையல.