ரெண்டு கழுத்து மயில்

மயிலுக்கு ரெண்டு கழுத்து... அதைத்தான் நான் முதல்ல பார்த்தேன். சிரிக்காதீங்க அக்கா, நெஜமாத்தான். சின்னக் கதை, கொஞ்சம் கேளுங்க.

நம்ம சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்புல ஆளுக்கு ஒரு வார்த்தையை விளக்கணும்ல, எனக்கு வந்த வார்த்தை, ரெஸ்யூம். அது எனக்கு எப்படித் தெரிஞ்சது தெரியுமா?

எம்பிராய்டரி மெஷின் வேலையில நான் சேர்ந்த புதுசு. பாதி மயில் தச்சிருக்கு, நூல் அறுந்து மெஷின் நின்னுடுச்சு. திரையில ரெண்டு பட்டன். ஒண்ணு ஸ்டார்ட், இன்னொண்ணு ரெஸ்யூம். எனக்குத் தெரிஞ்சது ஸ்டார்ட்தான்... அமுக்கிட்டேன். தச்ச மயில் மேலயே மெஷின் முதல்ல இருந்து இன்னொரு மயில் தைக்குது! துணி சுருங்கி, கழுத்து தள்ளிப்போய் ரெண்டாகி, ஊசி ஒடிஞ்சு...

பக்கத்து மெஷின் ஜரீனா ஓடி வந்தா. "ஏண்டி, மயிலுக்கு ஜோடி தேடறியா? ரெஸ்யூம்னா விட்ட இடத்துல இருந்து தைக்கிறது. அதுலயும் நாலு தையல் பின்னால போயி ஆரம்பி. இல்லேன்னா நடுவுல இடைவெளி தெரியும்."

நான் அழுதுட்டேன். மயிலுக்காகவா? இல்ல... அம்மாவுக்காக.

நான் படிப்பை நிறுத்தினதுல இருந்து அம்மா என்கூடப் பேசல. மூணு மாசம்! நானும் தினம் போய் நிப்பேன். "அம்மா, நான் ஏன் படிப்பை நிறுத்தினேன்னா..."ன்னு முதல்ல இருந்து ஆரம்பிப்பேன். அவங்க எழுந்து போயிடுவாங்க. இனி பேசவே மாட்டாங்களோன்னு பயம். அன்னிக்குத்தான் புரிஞ்சது... தச்சது மேலயே தச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

சரி, நாங்க எங்க விட்டோம்? யோசிச்சேன். படிப்பை விட்ட அன்னிக்குக் காலையில அம்மா எனக்கு ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒரு பக்கம் முடிஞ்சது. மறுபக்கம் எடுக்கறப்ப, "இனிமே பள்ளிக்கூடம் போகல"ன்னு சொன்னேன். சீப்பைக் கீழ வெச்சுட்டு எழுந்தவங்கதான், அதோட பேச்சு நின்னுச்சு.

டிவியில மழை விட்டதும் மேட்ச் ரெஸ்யூம்னு சொல்றாங்களே... அடிச்ச ரன்னை அழிச்சுட்டா ஆடறாங்க? இல்லையே! இங்க இருக்கற நாம எல்லாரும் எதையோ பாதியில விட்டவங்கதான். படிப்பு... பேச்சு... யாரோ ஒருத்தர். முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமேன்னு பயந்துதானே தொடாம இருக்கோம்? வேண்டாம் அக்கா. செஞ்ச பாதி அப்படியேதான் இருக்கு. கொஞ்சம் பின்னால போங்க, விட்ட இடத்தைத் தொடுங்க, அங்கிருந்து போங்க. ரெஸ்யூம்னா அவ்வளவுதான்.

மயிலைக் கெடுத்த அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். ஒரு பக்கத்தை நானே பின்னிக்கிட்டேன். மறுபக்கத்தை அவிழ்த்து விட்டுட்டு, சீப்போட போய், ஒரு வார்த்தையும் பேசாம, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.