முடித்த பிறகு திருத்துங்கள்

ரெட்டியார்பாளையம் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இருவரும் ஒரே தங்கும் விடுதியின் சீருடைச் சேலையில். ஜன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைக் கேட்க வைத்தது.

“வெள்ளக்காரங்ககிட்ட எனக்கு இங்கிலீஷ் வருது. நம்ம ஆளுங்களப் பாத்தாதான் நாக்கு ஒட்டிக்குது.”

“அது எப்படிக்கா?” என்றார் இளையவர்.

“பிரான்சுலேருந்து வர்றவங்களுக்கும் அது கத்துக்கிட்ட பாஷதானே? அவங்களும் தடுமாறுவாங்க, நானும் தடுமாறுவேன். வேலை நடந்துடும். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல வாயத் தொறந்தா, சாரு பாதியிலயே திருத்துறாரு. பின்னாடி ரெண்டு பேரு சிரிக்கிறானுங்க.”

“அதான் கிளாஸ விட்டுட்டீங்களா?”

“நான் ஏன் விடணும்? நேத்து எழுந்து நின்னு சொல்லிட்டேன், ‘நான் பேசி முடிச்சுடறேன் சார், அப்புறம் திருத்துங்க’ன்னு.”

“தமிழ்லயா?”

“இங்கிலீஷ்லதான். அதையும் பாதியில திருத்த வந்தாரு. நான் நிறுத்தல.”

அப்போது மூத்தவரின் போன் அடித்தது. யாரோ வெளிநாட்டு விருந்தாளி, பஸ் ஸ்டாண்டிலிருந்து விடுதிக்கு வழி கேட்கிறார் போல. இவர் உரத்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லத் தொடங்கினார். பேருந்தே திரும்பிப் பார்த்தது. இளையவர் சேலையைப் பிடித்து இழுத்தார். குரல் இறங்கவில்லை.

போனை வைத்ததும் இளையவர் கிசுகிசுத்தார். “நடுவுல இங்கிலீஷ் ஏதோ தப்பா வந்த மாதிரி இருந்துச்சுக்கா.”

“இருக்கும். ஆனா அவரு வந்து சேந்துடுவாரு.”