பத்தாயத்தில் கிடந்த புத்தகம்

மாரியம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஊரில் என்னைப் புளுகன் என்பார்கள். வெள்ளத்தின்போது வெண்ணாற்றில் முதலை முதுகில் உட்கார்ந்து நீடாமங்கலம் போய்வந்ததாக நான் சொன்னது உண்டு. அது வேறு. இது வாக்குமூலம்.

என் பெயர் பஞ்சநதம். மிராசுதார் குடும்பம் சென்னைக்குப் போன பிறகு அவர்கள் வீட்டையும் வயலையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். மேற்கு எல்லையில் நாலு மா நிலத்தை மட்டும் எனக்கென்று உழுதுகொண்டேன். பத்தொன்பது வருடம். யாரும் கேட்கவில்லை.

ஆட்சி மாறி நான்காவது தை மாதம் கேட்கத் தொடங்கினார்கள். உழுகிறவன் பெயரைப் பதிய வெள்ளிக்கிழமை தாசில்தார் வருவதாகத் தண்டோரா போட்டார்கள். நாலு மா என் பெயருக்கு வந்துவிட்டால் போதும் என்று இருந்தேன்.

அந்த வருடம் புது ரக நெல் கண்டபடி விளைந்தது. இருபது வருடமாகத் திறக்காத பழைய பத்தாயத்தையும் திறக்க வேண்டியதாயிற்று. ஒன்றரை ஆள் உயர மரப்பெட்டி. மேலே மூடி, நெல் எடுக்கக் கீழே ஒரு துளை. உள்ளே புத்தகங்கள் கிடந்தன. பெரிய மிராசுதார் கரையானுக்குப் பயந்து போட்டுவைத்தவை: பழைய சரித்திரம், பெண்கல்வி, விதவை மறுமணம், சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பொட்டலம் மடிக்கக் கொடுத்திருப்பேன். அதற்குள் வாத்தியார் மருதையனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சேரியிலிருந்து முதன்முதலாக வாத்தியார் ஆனவன். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் இல்லை. மழை வந்தால் விடுமுறை.

"ஐயா, நெல்லு கொட்டறதுக்குள்ள எடுத்துக்கிறேங்க."

"ஒன் தலையில எவ்வளவு கொள்ளுமோ எடுத்துக்க."

"அப்ப வண்டி கொண்டாரணுங்களே."

வாய்த்துடுக்கு. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டார்ச் லைட்டோடு ஏணி வழியாக இறங்கினான். நான் பத்தாயத்து வாயை ஒட்டிய பரணில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் தும்மினான். பிறகு அமைதி. ஒருவன் படிக்கும்போது வருகிற அமைதி எனக்கு எப்போதும் பயம்.

"ஐயா! அட்டையிலயே நம்ம ஊர் பேரு போட்டிருக்குங்க!"

பிறகு அவன் படித்ததை இந்தக் காதால் கேட்டேன்: "இவ்வூர் மேற்கெல்லையில் நாலு மா நிலம், கூலி ஜனங்களின் பிள்ளைகள் கல்விக்கென்று தர்மமாக விடப்பட்டது." வெள்ளிக்கிழமை தாசில்தார் கையில் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னான்.

ஏணியை மேலே இழுத்தது அந்தப் பயம்தான். "ஐயா, வெளையாடாதீங்க" என்றான். நான் விளையாடவில்லை. முதல் மூட்டையை அவிழ்க்க மறந்து அப்படியே தள்ளிவிட்டேன். மற்ற பதினொன்றை அவிழ்த்தே கொட்டினேன். நிலமில்லாதவர்களுக்கு நிலம் என்று தெருவில் தேர்தல் வண்டி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனது. மீதி நெல்லைக் களத்திலிருந்து வந்த வீரையனும் ஆட்களும் கொட்டினார்கள்.

சாயங்காலம் மருதையன் பெண்சாதி அம்சவல்லி வந்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு இங்க வந்தாருங்களா?"

"வந்தான். பத்தாயத்துக்குள்ள இருக்கான்."

வீரையன் சிரித்தான். "முதல மேல ஏத்தி அனுப்பாம விட்டாரே, அதச் சொல்லு."

"போங்கய்யா, ஒங்களுக்கு எப்பப் பாத்தாலும் வெளையாட்டு" என்று அவளும் சிரித்தாள். நான் மறைத்ததாக யாரும் சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழித்து நாற்றம் அடித்தது. எலி செத்திருக்கும் என்றேன். அதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள். மருதையனைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்: கட்சிக்காரர்களோடு போய்விட்டான், போலீஸ் பிடித்துவிட்டது. அம்சவல்லி கூலி வேலைக்குப் போனாள்.

நாலு மா என் பெயரில் பதிவாயிற்று. பயம் போகவில்லை. கூலி நெல் கீழ்த் துளை வழியாகப் போகப் போக, மேலே மட்டம் இறங்கியது. தினமும் பரணில் ஏறிக் கோல் விட்டுப் பார்ப்பேன். சித்திரையில் பாதி. வைகாசியில் என் வீட்டு நெல்லையும் கொண்டுவந்து கொட்டினேன். பட்டினி கிடந்து கொட்டினேன். தாங்கவில்லை. ஆனி மாதம் கூலி நெல் அள்ள வந்த அம்சவல்லி துளைக்குள் கையை விட்டாள். நெல்லோடு ஒரு மூக்குக் கண்ணாடி வந்தது. அதை முந்தானையில் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கொலை என்றால் கொலைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் நியாயம் பாருங்கள். அந்த வரியை வாய்விட்டுப் படிக்காமல் இருந்திருந்தால், மருதையன் இன்றைக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பான்.

அவன் நெஞ்சோடு அணைத்திருந்த புத்தகத்தைக் கோர்ட்டில் காட்டினார்கள். அட்டையில் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருந்தது. உள்ளே தாள்கள் அச்சகத்தில் மடித்தது மடித்தபடி, ஓரம் வெட்டாமல், யாரும் படிக்க முடியாதபடி ஒட்டியே இருந்தன. இன்ஸ்பெக்டர்தான் பேனாக்கத்தியால் முதன்முதலாகப் பிரித்தார்.