இரண்டும் இடது கால்

மலாயாவில், காஜா பேராங்கிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி மணி கோத்துச் செருப்பு தைக்கிறார், கணவர் அதைத் தபாலில் வெளிநாட்டுக்கு விற்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“லண்டன் துரைசாணிக்கு ரெண்டும் இடது காலாப் போயிருக்கு,” என்றார் கணவர், கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தபடி.

“எப்படிங்க? நான் ஜோடி ஜோடியாத்தானே தச்சுக் குடுத்தேன்?”

“ஜோடியா அனுப்பினா பெரிய பார்சல். ரெண்டு பக்கம் சுங்க ஃபாரம் எழுதணும். ஒத்தைச் செருப்புன்னா சின்னப் பொட்டலம், ஒரு பச்சைச் சீட்டு ஒட்டினாப் போதும். அதான் தனித்தனியாக் கட்டினேன்.”

“அப்ப வலது ரெண்டும்?”

“பெர்த் ஊர்ல வாங்கின அம்மாவுக்குப் போயிருக்கும். அந்தம்மா இன்னும் எழுதல.”

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். “லண்டன் அம்மா திட்டியிருக்காங்களா?”

“இல்லவே இல்ல. மலாயாவுல இப்படித்தான் போடுவாங்க போலன்னு, நடந்து பழகுறாங்களாம். வலது கால்தான் கொஞ்சம் வலிக்குதாம். அவங்க தங்கச்சிக்கும் இதே மாதிரி வேணுமாம். நீ இன்னும் ரெண்டு இடது தச்சிரு.”

“நாடு சுதந்திரம் வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள இப்படி ஒரு பேரா?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“பேனாவ எடுங்க. சரியான ஜோடி வருதுன்னு ரெண்டு பேருக்கும் எழுதுங்க. இது எங்க நாட்டு வழக்கமில்ல, எங்க வீட்டுக்காரரு வழக்கம்னும் எழுதுங்க.”

பேனா அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. டவுன் வரும்வரை அவர் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.